அப்ராவின் தூவா

முஸ்தாக்குக்குக் கால் முறிந்திராவிட்டால் மகளுடைய ‘தூவா’ எது என்ற கேள்வியே வந்திராது. அந்த நேரத்தில் அவன் அரிசி லொறியோடு மஹியங்கனை வளைவுகளில் ஏறிக்கொண்டிருப்பான். மகள் பின்வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஏந்துகிற வீடியோவை ஏதாவதொரு தேத்தண்ணிக் கடையில் வைத்துப் பார்த்து, ‘மாஷா அல்லாஹ்’ என்று ஒரு வரி அனுப்பிவிட்டு, மறுபடியும் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான்.

சவளக்கடை என்ற ஊரில் ஓர் அரிசி ஆலை வாசலில், ஏற்றி முடித்த மூட்டைகளின் மேல் தார்ப்பாய்ப் படங்கை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கிக் கீழே விழுந்தான். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துபோனது. பிளாஸ்டர் போட்டார்கள், ஊன்றுகோல் கொடுத்தார்கள், காலை நிலத்தில் வைக்கவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீடு சாய்ந்தமருதில், கடலுக்குக் கிட்ட. முன்வாசல் மேற்கே ஒழுங்கையைப் பார்த்திருக்கும். பின்வாசல் கிழக்கே, கடல் பக்கம். மனைவி றஸ்னாவுக்குக் கல்முனையில் மருந்து விற்கிற ஒரு பாமசியில் வேலை. காலையில் போனால் பொழுது சாய்கிற நேரத்தில்தான் வருவாள். மகள் அப்ராவுக்கு இன்னும் இரண்டு வயது நிரம்பவில்லை. பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டில் இருக்கிற றஸ்னாவின் தங்கை ஸில்மியா. அவளுடைய கணவன் கட்டாரில். அவள் வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு, வெட்டுத்துணிகளை விளையாடக் கொடுத்து, அவள்தான் அப்ராவை இவ்வளவு தூரத்துக்கு வளர்த்து விட்டிருந்தாள்.

ஊன்றுகோலோடு முஸ்தாக் வீட்டுக்குள் வந்த அன்று அப்ரா அவனைப் பார்த்து அழுதுகொண்டு ஸில்மியாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வேறு நாட்களிலும் அவள் அப்படித்தான் செய்திருப்பாள். அவன் கவனித்திருக்க மாட்டான். இந்த முறை அது அவனுக்கு உள்ளே எங்கேயோ குத்தியது. அடுத்த நாள் காலை, இனிப் பகலில் பிள்ளையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். றஸ்னா அவனுடைய காலைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போனாள். ஸில்மியா மட்டும், தேவையென்றால் ஒரு குரல் கொடுத்தால் போதும் என்று சொல்லி, இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த தகரப் படலையைத் திறந்தே விட்டுவிட்டுப் போனாள்.

முதல் சில நாட்கள் சிரமமாகத்தான் இருந்தன. பிள்ளை நடக்கப் பழகி அதிக காலமாகவில்லை. முஸ்தாக்குக்கு ஊன்றுகோல் கைக்கு வசப்படவில்லை. இருவரும் வீட்டுக்குள் நடக்கிற வேகம் ஒன்றாக இருந்தது. அவள் குசினிக்குப் போய்ச் சேரும்போது அவனும் போய்ச் சேர்வான். அவள் வழியில் நின்று ஓர் எறும்பைப் பார்த்தால் அவனுக்கும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஊன்றுகோல் அவள் மேல் பட்டுவிடும். அப்படி நின்று நின்று அவன் தன் வீட்டில் இதுவரை பார்த்திராத பலதைப் பார்த்தான். குசினிக் கதவு நிலைக்குள் ஒரு குளவி மண் கொண்டுவந்து அப்பிக்கொண்டிருந்தது. தண்ணீர்த் தாங்கியின் அடியில் ஈரம் இருக்கிற இடத்தில் மட்டும் பாசி பச்சையாக ஒரு வட்டம் போட்டிருந்தது. எல்லாவற்றையும் அப்ரா ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தாள். காலையில் எழுந்ததும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அவளுக்குத் தெரிந்த சொற்கள் கொஞ்சம். ப்பா, ம்மா, ஸில்மியா சாச்சிக்குத் ‘தாத்தி’, பாணுக்குப் ‘பா’, பூனைக்கு ‘மியா’, மின்விசிறிக்குப் ‘பேன்’, பிறகு ‘இல்ல’. இவற்றுக்கெல்லாம் மேலாக, மிகத் தெளிவாகவும் மிகச் சந்தோசமாகவும் அவள் சொல்வது ‘தூவா’. அதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் முன்னால் ஏந்திக்கொள்வாள்.

அது துஆ, அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்கிற பிரார்த்தனை, என்பது எல்லாருக்கும் தெரியும். ஸில்மியா பின்நேரத்து அஸர் தொழுதுவிட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கையேந்தி துஆக் கேட்பது வழக்கம். ஒருநாள் அவள் தையலில் இருக்கும்போது, சொல்லிக் கொடுக்காமலே, அப்ரா தானாக எழுந்துபோய்ப் பின்வாசலில் நின்று கைகளை ஏந்தி ‘தூவா’ என்றாள். ஸில்மியாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து வீடியோ பிடித்துக் கட்டாருக்கு அனுப்பினாள். அங்கிருந்து அது குடும்பத்து வட்ஸ்அப் குழுவுக்கு வந்து, அதிலிருந்து ஊருக்குள்ளும் போய்விட்டது. ஒழுங்கையில் போகிற பெண்கள் கேற்றடியில் நின்று பிள்ளையைக் கூப்பிட்டார்கள். ஒரு தாய் தன் மகனுக்குப் பரீட்சை வருகிறது, துஆக் கேளுங்க என்று சொல்லி, ஒரு சொக்கலேட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

முஸ்தாக்குக்கும் அதில் பெருமைதான். ஆனால் நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கத் தொடங்கிய பிறகு அவனுக்கு ஒரு விசயம் பிடிபடாமல் இருந்தது. அவள் துஆக் கேட்பது ஓர் ஒழுங்கில் இல்லை. வேலிக் கம்பியில் சிக்கியிருந்த ஒரு ஷொப்பிங் பையைப் பார்த்துக் கைகளை ஏந்தினாள். கொடியில் காய்கிற றஸ்னாவின் சீலையைப் பார்த்து ஏந்தினாள். வளவு மூலையில் நிற்கிற முருங்கை மரத்தைப் பார்த்தும் ‘தூவா’ என்றாள். சரி, இவற்றையெல்லாம்தான் அப்படிச் சொல்கிறாளாக்கும் என்று நினைத்து, மறுநாள் காலையில் அவளை முருங்கையடிக்குக் கூட்டிப்போய், இது என்ன மகள் என்று கேட்டான். அவள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பையைக் காட்டினான், சீலையைக் காட்டினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், இவருக்கு என்ன வேண்டும் என்பது போல.

இதை ஸில்மியாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். அல்லாஹ் படைத்தவற்றுக்கெல்லாம் பிள்ளை துஆக் கேட்கிறது, அதில் என்ன இருக்கிறது என்றாள். ஷொப்பிங் பைக்குமா என்று அவன் கேட்கவில்லை.

அதற்கு அடுத்த கிழமையில்தான் கைருன்னிஸா மாமி வந்தாள்.

அவள் அந்த ஒழுங்கை கடற்கரைக்குத் திரும்பி முடிகிற இடத்தில், கடைசி வீட்டில் இருப்பவள். அவளுடைய கணவர் ஷரிபுதீன் கடற்தொழில் செய்தவர். பெரிய குரல்காரர், தோணியில் நின்று கதைத்தால் வீதிக்குக் கேட்கும் என்பார்கள். நோன்புக்கு முன்னர் ஒருநாள் காலையில் படுக்கையில் இருந்து எழும்ப முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒரு பக்கம் கையும் காலும் சொல் கேட்காத நிலையில் வீட்டுக்கு வந்தார். பேச்சும் குழறிப்போனது. அவர் சொல்வது கைருன்னிஸாவுக்கு மட்டும்தான் விளங்கும். பார்க்க வந்தவர்கள் விளங்கியது மாதிரித் தலையாட்டுவதைக் கண்டு, ஆட்களை உள்ளே விட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

வெயில் ஏறியிருந்த நேரம் அது. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. வயல் பக்கமிருந்து அனலையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வருகிற காற்று. முன்வாசல் திரைச்சீலை உள்ளே பறந்து பறந்து விழுந்தது. மாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நிலத்தில் அப்ராவின் முன்னால் இருந்துகொண்டாள். முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

“மகள், எங்கட அவருக்கு ஒரு துஆக் கேளுங்க மகள்,” என்றாள். “அவர் எழும்பி நடக்கணும், நல்லாக் கதைக்கணும் எண்டு கேளுங்க.”

அப்ரா அவளுடைய வளையல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி தன் கைகளை ஏந்திக் காட்டினாள். ஸில்மியாவும் தன் வீட்டு மெஷினை விட்டு எழுந்து படலையால் வந்து, சாச்சிக்குக் காட்டுங்க, தூவா எப்படி என்று பல தடவை கேட்டாள். பிள்ளையின் கைகளைப் பிடித்து ஏந்தியும் வைத்தாள். அப்ரா கைகளை உதறிக்கொண்டு, ‘இல்ல’ என்றாள். மீண்டும் கேட்டதற்கும் உள்ளங்கையை விரித்து ‘இல்ல’ என்றாள். அது மிகத் தெளிவாகவே கேட்டது.

பிள்ளைக்கு நித்திரை வருகிறது போல என்று ஸில்மியா சொன்னாள். மாமி அதற்கு ஓம் என்றாள். அப்ராவின் தலையைத் தடவிவிட்டு எழுந்து, சொல்லிக்கொண்டு போனாள். ஊன்றுகோலோடு கேற்றடிவரை வந்த முஸ்தாக், அவள் ஒழுங்கையில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். நடுவில் ஒரு தடவை மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள்.

அன்று முழுவதும் அது அவனை விடவில்லை. பிள்ளை ஏன் இல்லை என்றது? கைகளை ஏந்த மாட்டேன் என்றதா, அல்லது வேறெதையோ இல்லை என்றதா? அப்ராவின் ‘இல்ல’ இரண்டு விதம் என்பது இந்த நாட்களில் அவனுக்குத் தெரிந்திருந்தது. வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வாள். பாண் தட்டு வெறுமையாக இருந்தால், பூனை போய்விட்டிருந்தால், உள்ளங்கையை விரித்துக் காட்டிச் சொல்வாள். மாமிக்கு அவள் கையை விரித்தல்லவா சொன்னாள்?

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஸில்மியா கேட்கிறது போல் கேட்காமல், காணாமல்போன ஒரு சாமானைக் கேட்பது போல் கேட்டான்.

“தூவா எங்க மகள்?”

அப்ரா யோசித்தாள். பிறகு எழுந்து, தன் பாட்டில் பின்வாசலுக்குப் போனாள். படியில் நின்று, மழை தூறுகிறதா என்று பார்க்கிறவர்கள் மாதிரி, ஒரு கையை வெளியே நீட்டினாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து அவன் முன்னால் உள்ளங்கையை விரித்தாள்.

“இல்ல,” என்றாள்.

முஸ்தாக் அவளுடைய வெறுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையை நீட்டிப் பார்த்தால் தெரிகிற ஒன்று. வெளியே இருக்கிற ஒன்று. சில நேரம் இருக்கும், சில நேரம் இருக்காது. அவன் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் காட்டி, இதுவா என்று கேட்டான். “பேன்,” என்றாள் அவள். அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அவன் மெல்ல எழுந்து அவளை முன்வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கச்சான் சீறிக்கொண்டிருந்தது. திரைச்சீலை அவளுடைய முகத்தில் அடித்தது. அவள் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அதற்கு அவளிடம் பெயரே இல்லை. உள்ளே போவோம் என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

அப்படியானால் ‘தூவா’ காற்றாக இருக்காது என்று அவன் நினைத்தான். பிடிபடப்போன நேரத்தில் கணக்குப் பிழையாகிப்போன மாதிரி இருந்தது. ஆனாலும் விடவில்லை. அஸருக்குக் கொஞ்சம் முன்னதாக ஒரு கதிரையைப் பின்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், பிளாஸ்டர் காலைக் கவிழ்த்த வாளியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான். அப்ரா படியில் மண்ணை அள்ளி ஒரு மூடியில் போட்டுக் கொட்டிக்கொண்டிருந்தாள். கச்சான் ஓய்ந்துபோயிருந்தது. முருங்கையில் ஓர் இலைகூட அசையவில்லை. வெக்கையில் அவனுக்குக் கழுத்தெல்லாம் வியர்த்து ஒழுகியது. பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அது முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

திடீரென்று பிள்ளை மண் அள்ளுவதை நிறுத்தினாள். தலையை நிமிர்த்தினாள். மூடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, கைகளை முன்னால் ஏந்தினாள்.

“தூவா.”

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் மரத்தைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான். எதுவும் அசையவில்லை. பிறகு அவனும் அவளைப் போலக் கைகளை முன்னால் நீட்டினான். உள்ளங்கை வியர்வையில் நனைந்திருந்தது. முதலில் அந்த ஈரத்தில்தான் தெரிந்தது. விரல்களுக்கு இடையில் ஏதோ குளிர்ந்தது. உப்புக் கலந்த, கொஞ்சம் ஈரமான, மெல்லிய ஒன்று. அது கழுத்துக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் முருங்கையின் உச்சிக் கொப்பு ஆடியது, கொடியில் கிடந்த சீலை மெதுவாக வயிறு வைத்தது, வேலியிலிருந்த பை சரசரத்தது. அப்ரா ஒவ்வொன்றையும் பார்த்து, தூவா, தூவா என்று சொல்லிக்கொண்டு போனாள்.

கடற்காற்று. பகலெல்லாம் வயல் பக்கத்து அனலில் வெந்த ஊருக்குப் பின்நேரம் கடலிலிருந்து வருகிற காற்று. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் அவன். அந்தக் காற்று அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அது எந்த நிமிசத்தில் வருகிறது, வரும்போது முதலில் எங்கே தொடுகிறது என்று அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை அதற்காகக் காத்திருந்து கையில் வாங்குகிறது. ‘தூவா’ என்று அதற்குத் தனியாக ஒரு பெயரும் வைத்திருக்கிறது.

அன்று பொழுது சாய்ந்து வந்த றஸ்னாவிடம் அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதலில் நம்பவில்லை. வீட்டில் அடைந்து கிடந்து உங்களுக்கு விசர் பிடித்துவிட்டது என்றாள். ஆனால் அவளுக்கும் அது மனதில் விழுந்துவிட்டது. பாத்திரம் கழுவும்போது நிறுத்தி, அப்படியென்றால் மழைக்கு முதல் வருகிற காற்றுக்கு என்ன சொல்லுவாள் என்று கேட்டாள்.  ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. அன்று தானே பார்ப்பதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் றஸ்னாவும் படியில் வந்து இருந்தாள். தொழுதுவிட்டு வந்த ஸில்மியா, என்ன எல்லாரும் வாசலில் என்று கேட்டாள். முஸ்தாக்குக்கு அவளிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. றஸ்னாதான் சொன்னாள். ஸில்மியாவின் முகம் சுருங்கிப்போனது. பிள்ளை துஆக் கேட்கிறாள் என்று ஊரெல்லாம் சொன்னது தான்தானே. இப்போது அது காற்று என்று யாரிடம் போய்ச் சொல்வது? அவள் தூணில் சாய்ந்து நின்றாள். சிறிது நேரத்தில் அப்ரா விளையாட்டை விட்டுத் தலையை நிமிர்த்தினாள், எழுந்து கைகளை ஏந்தினாள், சொன்னாள். றஸ்னா தன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். முருங்கை அசைந்தது அதன் பிறகுதான்.

ஸில்மியா தூணை விட்டு நகர்ந்தாள். வந்து அப்ராவின் பக்கத்தில் குந்திக்கொண்டு, பிள்ளையின் ஏந்திய கைகளுக்குக் கீழே தன் கைகளையும் வைத்துப் பார்த்தாள்.

“மச்சான், இது நான் படிப்பிச்சதுதான்,” என்றாள் மெதுவாக. “அஸர் தொழுதிட்டு இவளத் தூக்கிக்கொண்டு எங்கட பின்வாசல்லதான் இருப்பன், உள்ளுக்குள்ள வெக்கை எண்டு. கைய ஏந்துங்க மகள், துஆ எண்டு சொல்லுவன். அந்த நேரந்தானே காத்தும் வரும். கையில வந்து விழுறதுக்குத்தான் துஆ எண்டு பேர் எண்டு புள்ள நினைச்சிருக்கு.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். றஸ்னாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஸில்மியாவின் முகத்தில் இருந்த வருத்தம் போய், அந்த இடத்தில் வேறொரு யோசனை வந்து உட்கார்ந்தது. ஊர் முழுக்கப் போய்ச் சொல்லத் தேவையில்லை, ஆனால் கைருன்னிஸா மாமிக்குச் சொல்ல வேண்டும் என்றாள். பிள்ளை அன்று கையை விரித்துக் காட்டியதை ஸில்மியாவும்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். முஸ்தாக் இத்தனை நாளும் சொல்ல நினைத்துக்கொண்டிருந்ததும் அதைத்தான்.

அப்பொழுதே போனார்கள். ஒழுங்கை மணலில் ஊன்றுகோல் புதைந்தது. அப்ராவும் தூக்க விடாமல் தானே நடந்தாள். பெண்கள் இருவரும் முன்னால் போய் நின்று நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மாமி அவர்களைக் கண்டதும் திகைத்துப்போனாள். வாசலில் வைத்தே முஸ்தாக் விசயத்தைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்டாள்.

“அப்ப அண்டைக்குக் காத்து வரல்ல எண்டுதானா புள்ள இல்ல எண்டது?”

“ஓம் மாமி. அது கச்சான் அடிச்ச நேரம். கையில ஒண்டும் இல்ல எண்டுதான் காட்டினது.”

“எனக்கு இல்ல எண்டு சொன்னதில்லயா?”

“இல்ல மாமி.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் எதுவுமே சொல்லவில்லை என்றாள். ஒரு சின்னப் பிள்ளையின் வாயில் அப்படி வந்துவிட்டதே, இனி இவர் எழும்ப மாட்டாராக்கும் என்று நினைத்து, சோறு ஆக்கும்போதும் அதே நினைவாகவே இருந்தது என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வாங்க என்றாள். ஆட்களை விட வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பது அவளுக்கு மறந்துபோயிற்று, அல்லது மறக்க நினைத்தாள்.

ஷரிபுதீன் கிழக்குப் பக்கத்து அறையில் ஒரு சாய்கதிரையில் இருந்தார். அறை இருட்டாகவும் புழுக்கமாகவும் இருந்தது. கடல் பக்கத்துக் கதவு பூட்டியிருந்தது. தோணிகள் போவதையும் வருவதையும் பார்க்க ஏலாது என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவர் அதைப் பூட்டச் சொல்லியிருந்தார். ஆட்களைக் கண்டதும் அவர் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவர்கள் மூவரும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அப்ராவுக்கு அந்தத் தயக்கம் இல்லை. அவள் நேரே கதிரையடிக்குப் போய், அவருடைய அசையாத கையைத் தொட்டுப் பார்த்தாள். விரலை ஒவ்வொன்றாகத் தூக்கி விட்டாள். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை விரித்து, தூவா இல்ல என்று அவருக்கு அறிவித்தாள்.

அவர் திரும்பினார். குழறிய குரலில் ஏதோ கேட்டார். பிள்ளை என்ன சொல்லுது என்று கேட்கிறார் என்றாள் மாமி. முஸ்தாக் அவருக்குப் பக்கத்தில் கட்டிலின் விளிம்பில் இருந்துகொண்டு, முதலிலிருந்து சொன்னான். கால் முறிந்தது, வீடியோ, ஷொப்பிங் பை, மின்விசிறி, கச்சான், வியர்த்த கை. அவர் கண்ணெடுக்காமல் கேட்டார். துஆவும் காற்றும் எப்படிக் கலந்தன என்பதை ஸில்மியா சொன்ன இடத்தில் அவருடைய வாயின் ஒரு பக்கம் மேலே போனது. அது சிரிப்பு என்று தெரிய அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

பிறகு அவர் நல்ல கையைத் தூக்கிக் கதவைக் காட்டினார்.

தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. றஸ்னாவும் ஸில்மியாவும் சேர்ந்து இழுத்தார்கள். வெளியே படியில் மணல் குவிந்திருந்ததால் கதவு பாதியில் நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். கதவு திறந்ததும் முதலில் வெளிச்சம் வந்தது, பிறகு கடல் இரைச்சல், அதற்குப் பிறகு காற்று. அது அவர்கள் வீட்டுக்கு வருகிற மாதிரி மெல்ல வரவில்லை. நடுவில் மறைப்பு இல்லாததால் ஒரேயடியாக வந்து, சுவரில் தொங்கிய கலண்டரின் தாள்களை எல்லாம் தூக்கியது, மாமியின் முக்காட்டைப் பின்னால் தள்ளியது. அப்ரா வாய்விட்டுச் சிரித்தாள். கைகளை ஏந்திக்கொண்டு, யாரும் கேட்காமலே சொன்னாள். அவ்வளவு காற்றுக்கு ஒரு தடவை போதாது என்பது போலத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

 ஷரிபுதீன் கண்களை மூடிக்கொண்டு காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார். நெற்றியில் ஒட்டியிருந்த நரைமுடி அசைந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ சொன்னார். மாமி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போயிருந்தாள். றஸ்னாவும் ஸில்மியாவும் விளங்காமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முஸ்தாக் அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு, அவர் மறுபடியும் சொல்லும்வரை பொறுத்திருந்தான். இந்தக் கொஞ்ச நாட்களில் அவனுக்கு அது பழகியிருந்தது.

“இந்தக் காத்துக்கு நாங்க தோணி இறக்கிறல்ல எண்டு சொல்லுறார்,” என்றான்.

அவர் ஓம் என்று தலையை அசைத்தார். தேத்தண்ணிக் கோப்பைகளோடு வாசலில் வந்து நின்ற மாமி, அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

எல்லாரும் குடித்தார்கள். அவருக்கு மாமி கோப்பையைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தாள். பிளாஸ்டர் எப்போது வெட்டுவார்கள் என்று அவர் கேட்டார், முஸ்தாக் சொன்னான். அதைக் கேட்டுவிட்டுத் தன் காலைப் பார்த்தார். கிளினிக்கிலிருந்து ஒரு பெண் பிள்ளை வந்து கையையும் காலையும் மடக்கி நீட்டப் பழக்குகிறதாம், இவர் செய்ய மாட்டேன் என்கிறாராம் என்று மாமி முறைப்பாடு சொன்னாள். 

அப்ரா இதற்குள் வாசற்படிக்குப் போயிருந்தாள். மணலில் ஒரு கால், படியில் ஒரு கால். வளவில் இரண்டு தென்னைகளும், கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய தோணியும், அதன் மேல் சுருட்டி வைத்த வலையும் இருந்தன. அவள் அந்தத் திசையைப் பார்த்து அசையாமல் நின்றாள். பிறகு விரலை நீட்டினாள்.

“டிட்டா,” என்றாள்.

றஸ்னா முஸ்தாக்கைப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். ஸில்மியா தனக்கும் தெரியாது, தான் இதைக் கேட்டதே இல்லை என்றாள். றஸ்னா படிக்குப் போய்க் குனிந்து, பிள்ளையின் விரல் போகிற வழியே பார்த்தாள். தோணி, வலை, தென்னை மட்டை ஒன்று, அதற்கப்பால் மணல். காற்றில் ஆடிய தென்னை ஓலைகளைத் தவிர எதுவும் அசையவில்லை. கடல் இரைச்சலைத் தவிர எந்தச் சத்தமும் இல்லை.

“டிட்டா,” என்றாள் அப்ரா மறுபடியும், இந்த முறை இன்னும் நிச்சயமாக.

ஷரிபுதீன் சாய்விலிருந்து முன்னுக்கு வந்திருந்தார். நல்ல கையைக் கதிரைப் பிடியில் ஊன்றியிருந்தார்.

“என்னவாம்?” என்றார். அது எல்லாருக்குமே விளங்கியது.

“தெரியா மாமா,” என்றான் முஸ்தாக். “இப்பதான் முதல் தரம் சொல்லுறா. இருந்து பாக்கத்தான் வேணும்.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பி, கதிரையைக் கொஞ்சம் திருப்பச் சொல்லிக் கையால் காட்டினார். மாமியும் ஸில்மியாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அது அவருக்குப் போதவில்லை. இன்னும், இன்னும் என்று சைகை காட்டினார். கதிரை வாசலுக்கு நேரே வந்து நின்றது. அவர் கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, தோணியடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.